நகர வானத்தில் எத்தனை நட்சத்திரம்? எண்ணிச் சொல்லுங்கள்!

தைப்பூசம் என்ற பெயருக்குள் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. தை மாதத்து முழுநிலவு பூச நட்சத்திரத்தை ஒட்டி வரும் நாள் என்பதே அதன் பொருள். ஆண்டுதோறும் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்துச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பூசத்தை வானத்தில் பார்த்திருக்கிறோம்?

பார்க்காதவர்கள் வருந்த வேண்டாம். இன்றைய கோலாலம்பூரின் நடுவிலிருந்து வெறும் கண்ணால் அதைப் பார்ப்பது மிகக் கடினம். கடக ராசியில் உள்ள பூசம் மங்கலான நட்சத்திரக் கூட்டம். அதில் பளிச்சென்று இருப்பதே நகர வெளிச்சத்தில் கரைந்துவிடும். திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டும் அருந்ததிக்கும் இதே நிலைதான். கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு நட்சத்திரங்களைப் பிரித்து எண்ணுவதும் இங்கே எளிதல்ல. பெயர்கள் நாட்காட்டியில் இருக்கின்றன. அவற்றுக்கு உரியவை நம் கண்ணிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

எவ்வளவு வேகமாக மறைகின்றன? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாதம் ஒருமுறை வெளியே வந்து நிமிர்ந்து பார்த்து எண்ணும் சாதாரண மனிதர்கள் தேவை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருந்தாலும் கிள்ளான் தாமானில் இருந்தாலும் அந்த வேலையை நீங்கள் செய்யலாம்.

செயற்கைக்கோள் தவறவிடுவது

2023 ஜனவரியில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கைபா தலைமையிலான குழு எழுதியது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் பதிவு செய்த 51,351 வானப் பார்வைகளை அவர்கள் அலசினார்கள். ‘குளோப் அட் நைட்’ என்ற திட்டத்தின் வழியாக வந்த பதிவுகள் அவை. பங்கேற்பவர் தம் வீட்டு வானத்தை அச்சிட்ட வான்படங்களோடு ஒப்பிட்டு, எந்தப் படத்தைப் போல இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வந்த முடிவு அதிர்ச்சி தந்தது. இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடிவந்திருக்கிறது. இந்த வேகத்தில் எட்டு ஆண்டுகளுக்குள் அது இரு மடங்காகும். ஒரு குழந்தை பிறக்கும்போது வீட்டிலிருந்து 250 நட்சத்திரங்கள் தெரிந்தால், அது 18 வயதை எட்டும்போது சுமார் 100 மட்டுமே தெரியும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

செயற்கைக்கோள் படங்கள் இதைவிட மிகக் குறைந்த வளர்ச்சியையே காட்டி வந்தன. ஏன் இந்த வேறுபாடு? பூமியின் இரவு ஒளியை அளக்கும் அந்தக் கருவிகளால் நீல ஒளியைச் சரியாக உணர முடியாது. பழைய மஞ்சள் தெருவிளக்குகள் போய் வெள்ளை எல்இடி விளக்குகள் வந்தபோது, அவற்றில் கூடுதலாக இருந்த நீல ஒளி கணக்கில் வரவில்லை. கட்டடங்களின் பக்கவாட்டிலிருந்தும் விளம்பரப் பலகைகளிலிருந்தும் கிடையாகப் பரவும் வெளிச்சத்தையும் மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள் தவறவிடுகிறது. கீழே நின்று நிமிர்ந்து பார்க்கும் மனிதக் கண்ணோ அதை உடனே உணர்கிறது.

இதில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. தனிக் கணக்குப் போட அந்த இரு கண்டங்களில் மட்டுமே போதிய பதிவுகள் இருந்தன. நகரங்கள் வேகமாக வளரும் ஆசியாவிலிருந்து வந்தவை குறைவு. நம் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை நாம் எண்ணிச் சொன்னால்தான் தெரியும்.

முதல் பயிற்சி: மிருகசீரிடம் தெரிகிறதா?

தை, மாசி மாதங்கள் இதற்கு நல்ல காலம். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை சற்றுக் குறையும். தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் பொறுங்கள். நிலவு நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் என்பதால், அதற்குள் முன்னிரவு வானம் நிலவொளி இல்லாமல் இருண்டிருக்கும்.

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு ஓரியன் என்ற வேடன் கூட்டம் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருப்பதால் கிடைக்கும் வாய்ப்பு இது. வேடனின் இடுப்பில் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள். சுற்றிலும் நான்கு மூலைகளில் நான்கு. அவற்றுள் சிவந்தது திருவாதிரை. அதற்கு எதிர் மூலையில் நீல வெண்மையாக ஒளிர்வது ரைஜெல். இந்த ஏழையும் நகர நடுவிலிருந்தே பார்க்கலாம்.

இனி வேடனின் தலை இருக்கும் இடத்தைப் பாருங்கள். திருவாதிரைக்கும் அதன் பக்கத்து மூலை நட்சத்திரத்துக்கும் நடுவே, சற்று வடக்கே தள்ளி, ஒரு சின்ன நட்சத்திரம் இருக்க வேண்டும். அதுதான் மிருகசீரிடம். உங்களுக்குத் தெரிகிறதா?

வானியலாளர்கள் நட்சத்திரத்தின் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற அளவால் குறிப்பார்கள். எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல். ஓர் எண் கூடினால் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். ஓரியனின் ஏழு பெரிய நட்சத்திரங்களும் 2.3-க்கு உட்பட்டவை. மிருகசீரிடம் 3.4-ஐ ஒட்டியது. ஏழு மட்டும் தெரிந்தால் உங்கள் வானம் 3-ஐத் தாண்டுவதே சந்தேகம். மிருகசீரிடமும் தெரிந்தால் வானம் அதைவிட நன்று. ஒளி மாசு இல்லாத இடத்தில் கண் 6-க்கு மேலும் எட்டும்.

இந்த எண்களின் பின்னால் இருப்பது பெரிய இழப்பு. 6.5 வரை எண்ணினால் வானம் முழுவதும் சுமார் 9,000 நட்சத்திரங்கள். 3 வரை மட்டும் எண்ணினால் 200-க்கும் குறைவு. ஒரு நேரத்தில் நமக்குத் தெரிவது அதிலும் பாதிதான்.

எண்ணும் முறை

தெருவிளக்கு நேரடியாகக் கண்ணில் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். அடுக்குமாடிக்காரர்களுக்கு மேல்தளக் கார் நிறுத்துமிடம் பொருத்தமாக இருக்கலாம். வீட்டு நிர்வாகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் குறைந்தது 15 நிமிடம் இருந்தால்தான் கண் இருளுக்குப் பழகும். பிறகு எண்ணுங்கள். தேதி, நேரம், இடம், மேகம் எவ்வளவு, எத்தனை தெரிந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்று எண்ணுங்கள்.

ஒரே ஒரு நாள் எண்ணிக்கையால் அதிகம் பயனில்லை. புகைமூட்டம், ஈரப்பதம், மேகம் எல்லாம் கணக்கை மாற்றும். ஒரே இடத்தில் மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில் எடுத்த குறிப்பில்தான் உண்மை தெரியும். அதனால்தான் இது தனி மனிதர் ஆர்வத்தோடு நின்றுவிடாமல், வானியல் கழகங்களின் வேலையாகிறது. ஒருவர் வெளியூர் போனால் இன்னொருவர் எண்ணுவார்.

கழகத்தின் மாத நாட்காட்டி

உலகெங்கும் ஆர்வலர்களின் வானியல் கழகங்கள் நிலவைப் பார்த்தே மாதத் திட்டம் போடுகின்றன. பொதுமக்களுக்கான கூட்டத்தை வளர்பிறை அரைநிலவை ஒட்டி வைப்பது வழக்கம். அப்போது சூரிய ஒளி பக்கவாட்டில் விழுவதால் நிலவின் குழிகளும் மலைகளும் நீண்ட நிழலோடு தெரியும். முழுநிலவன்று நிழலே இல்லாததால் நிலவு தட்டையாகத் தோன்றும். மங்கலானவற்றைத் தேடும் பயணங்கள் அமாவாசையை ஒட்டி நடக்கும்.

இந்த நாட்டில் மாதந்தோறும் வானம் பார்ப்பது புதிய பழக்கமும் அல்ல. ரமலான், ஷவ்வால் பிறையைக் காண அதிகாரிகள் கூடும் போர்ட்டிக்சன் தெலுக் கெமாங், கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி ஆகியவற்றின் பெயர்கள் நம் செய்திகளில் வருபவைதாம். மலாக்கா நீரிணைப் பக்கம் மேற்கு அடிவானம் தடையின்றித் திறந்திருப்பது அவ்விடங்களின் சிறப்பு.

தலைநகருக்குள் இருப்பவர்களுக்குத் தேசியக் கோளரங்கம் இருக்கிறது. 1994-இல் திறக்கப்பட்ட அந்த நீலக் குவிமாடம் பிரிக்பீல்ட்ஸுக்கு மிக அருகில், தேசிய அருங்காட்சியகத்தை அடுத்த குன்றில் உள்ளது. அதன் கண்காணிப்பகத்தில் 14 அங்குலத் தொலைநோக்கி உண்டு. அதை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் மஸ்லான் ஒத்மான், பின்னாளில் ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநரானார்.

நகரத்திலும் குறையாதவை

‘வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாதே’ என்று சோர்ந்துவிட வேண்டாம். நிலவுக்கும் கோள்களுக்கும் நகர வெளிச்சம் பெரிய தடையல்ல. 10x50 பைனாகுலரைச் சுவரில் சாய்த்து அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் தெரியும். சிறிய தொலைநோக்கியே சனியின் வளையத்தைக் காட்டும். அதே பைனாகுலரில் கடக ராசியைத் தேடினால், பூசத்தின் நட்சத்திரங்களும் அவற்றுக்கு இடையே ஒரு நட்சத்திரக் கொத்தும் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. கண் பார்வை போய்விடும்.

மே மாத இறுதியில் இரவு 9 மணிவாக்கில் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம். அதன் வால் பகுதியில் வசிட்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. லண்டனில் தென்சிலுவை தெரியாது. சிட்னியில் சப்தரிஷி மண்டலம் முழுதாக எழாது. இரண்டையும் ஒரே இரவில் பார்க்கும் பேறு நம்முடையது.

நகரத் தெருவிலேயே தொலைநோக்கியை நிறுத்தும் பழக்கத்துக்கு வழிகாட்டியவர் ஜான் டாப்சன். விவேகானந்தர் 1900-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய வேதாந்த சங்கத்தில் அவர் 23 ஆண்டுகள் துறவியாக இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தைத் தினமும் கடந்து செல்பவர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கும். கப்பல் சாளரக் கண்ணாடி, அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை ஆகியவற்றைக் கொண்டு மலிவாகத் தொலைநோக்கி செய்யக் கற்றார். மடத்தை விட்டு வெளியேறியபின், 1968-இல் நண்பர்களோடு நடைபாதை வானியலாளர்கள் அமைப்பைத் தொடங்கினார். போகிற வருகிறவர்களை நிறுத்தி நிலவைக் காட்டினார். அவர் வடிவமைத்த எளிய தாங்கி இன்றும் டாப்சோனியன் என்ற பெயரில் விற்கிறது.

திருவாதிரை மங்கியபோது

வெறும் கண்ணால் பார்ப்பது விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சான்று. 2019 இறுதியில் திருவாதிரை வழக்கத்துக்கு மாறாக மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே போனது. வெடிக்கப் போகிறதோ என்ற பேச்சும் எழுந்தது. நட்சத்திரத்திலிருந்து வெளியேறிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்று பின்னர் விளக்கம் கிடைத்தது. அந்த மாற்றத்தை இரவுதோறும் பின்தொடர்ந்தவர்களில் ஏராளமானோர் ஆர்வலர்கள். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அவர்கள் குறித்த எண்கள், 1911 முதல் இயங்கிவரும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கின்றன.

கணக்கு கையில் இருந்தால்

ஒளி மாசு மற்ற மாசுகளைப் போன்றதல்ல. விளக்கை அணைத்த நொடியில் அது மறைந்துவிடும். தரையை நோக்கி மட்டும் ஒளி விழும்படி மூடியிட்ட விளக்கு, 3,000 கெல்வினுக்கு மிகாத இளமஞ்சள் ஒளி, ஆளில்லாத நேரத்தில் அணையும் விளம்பரப் பலகை, இவை போதும் வித்தியாசம் தெரிய. பயன் வானத்தோடு நிற்காது. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் சேர்ந்து கண்சிமிட்டும் மின்மினிகள், இணையை அழைக்க இருளைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆனால் நகராண்மைக் கழகத்திடமோ அடுக்குமாடி நிர்வாகக் கூட்டத்திலோ ‘நட்சத்திரம் குறைந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். ‘மூன்று ஆண்டுக்கு முன் இங்கிருந்து மிருகசீரிடம் தெரிந்தது, புதிய விளக்கு வந்தபின் தெரியவில்லை, இதோ மாதவாரிக் குறிப்பு’ என்று தாளை நீட்டினால் பேச்சு வேறு. பள்ளி அறிவியல் கழகமும் கோயில் இளைஞர் பிரிவும் குடியிருப்போர் சங்கமும் இதைத் தொடங்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான்.

அடுத்த அமாவாசை என்றைக்கு என்று நாட்காட்டியில் பாருங்கள். வானம் தெளிந்த ஓர் இரவில், அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்களுக்குள், பிள்ளைகளோடு கீழே இறங்கி எண்ணுங்கள். கிடைத்த எண் சிறியதாக இருந்தாலும் எழுதி வையுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து உலகக் கணக்கில் குறைவாக இருப்பது அந்த எண்தான்.