368 அடிக் கிணறு, 468 பவுண்டு செலவு

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேல் ஸ்டோக் ரோ என்றொரு கிராமம். அங்கே குவிமாடம் வைத்த ஒரு கிணற்று மண்டபம் நிற்கிறது. உள்ளே நீர் இறைக்கும் இயந்திரத்தின் மேல் பொன்னிற யானை ஒன்று. இதற்குப் பணம் கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்.

பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் வட இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். 1831இல் அசம்கரில் மக்களுக்காகக் கிணறு வெட்டியவர். சொந்த ஊர்ப் பக்கத்தின் தண்ணீர்க் கஷ்டத்தை அவர் மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக அடி வாங்கிய சிறுவனின் கதையும் அதில் உண்டு. குன்றின் மேல் கிடைத்தது குட்டைத் தண்ணீர்தான். நல்ல நீர் சுண்ணப் பாறைக்கு வெகு கீழே இருந்தது. ரீட் 1860இல் ஊர் திரும்பிய பிறகு மகாராஜா உதவ முன்வந்தார். 1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. 1864 மே 24, விக்டோரியா அரசியின் பிறந்தநாளன்று கிணறு திறக்கப்பட்டது.

செலவு

- கிணறு: 353 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ்
- இறைக்கும் இயந்திரம்: 39 பவுண்டு 10 ஷில்லிங்
- கிணற்றுக் காவலர் வீடு: 74 பவுண்டு 14 ஷில்லிங் 6 பென்ஸ்
- ஆக மொத்தம்: 467 பவுண்டு 18 ஷில்லிங் 1 பென்னி

அன்று ஒரு பவுண்டு ஏறக்குறைய 10 ரூபாய். ஆகவே 4,700 ரூபாய்க்குள் வேலை முடிந்திருக்கிறது. அந்தப் பகுதி விவசாயக் கூலிக்கு வாரம் சுமார் 10 ஷில்லிங் கிடைத்த காலம் அது. அப்படிப் பார்த்தால் மொத்தச் செலவு ஒரு கூலியாளின் 18 வருடச் சம்பளம். மகாராஜாவுக்குச் சிறு தொகை, ஊருக்கு எட்டாத தொகை.

அளவு

ஆழம் 368 அடி, குறுக்களவு 4 அடி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரம் 365 அடி. அதையே தலைகீழாக இறக்கினாலும் 3 அடி மிஞ்சும். முழுக்கக் கையால் தோண்டியது. உள்ளளவை மட்டும் கணக்கிட்டாலே மேலே ஏற்றிய மண்ணும் பாறையும் 4,600 கன அடியைத் தாண்டும். அடிக்கு ஆன செலவு சுமார் 19 ஷில்லிங் 2½ பென்ஸ், அதாவது கூலியாளின் இரண்டு வாரச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு.

ஒரு வாளி 9 காலன். தண்ணீர் மட்டுமே 90 பவுண்டு எடை. அதை மேலே கொண்டுவரச் சக்கரத்தைப் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். ஓயாமல் சுற்றினாலும் மணிக்கு ஆறு வாளி, 54 காலன், ஏறக்குறைய 245 லிட்டர்.

பராமரிப்பு

செலவில் கிணற்றுக்குப் போனது நூற்றுக்கு 76 பங்கு, இயந்திரத்துக்கு 8, காவலர் வீட்டுக்கு 16. இதற்கு வெளியே சுமார் 4 ஏக்கர் நிலம் வாங்கி, ‘ஈஸ்ரீ பாக்’ என்று பெயரிட்டு, செர்ரி மரங்கள் நட்டார்கள். பழம் விற்ற காசில் பராமரிப்பு நடந்தது, தண்ணீர் இலவசம். திறப்பு விழாவோடு கைகழுவும் நன்கொடைகளுக்கு நடுவே, மறுநாள் சக்கரத்துக்கு எண்ணெய் போடுபவர் யார் என்று யோசித்த நன்கொடை இது.

கணக்கின் மறுபக்கம்

1857 கிளர்ச்சியில் பிரிட்டிஷார் பக்கம் நின்றவர் இந்த மகாராஜா. ரீட் பணியாற்றிய அதே வடமேற்கு மாகாணத்தின் மேற்குப் பகுதியை 1860-61இல் பஞ்சம் தாக்கியது. சுமார் 20 லட்சம் பேர் மாண்டார்கள். ஆக்ஸ்போர்டுஷயர் கிணற்றை நட்பின் சின்னம் என்று மட்டும் எழுதினால் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டுப்போகும்.

வரவு

1906இல் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றுக்கு வருவோர் குறைந்தார்கள். ஆனாலும் 70 ஆண்டுகளுக்கு மேல் அது பயன்பட்டது. 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார்; கங்கை நீர் கிணற்றில் ஊற்றப்பட்டது.

மொத்தச் செலவை அந்த 70 ஆண்டுகளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு நாலரை பென்ஸ்கூட ஆகவில்லை. 1864இல் ஒரு கூலியாளின் தினக்கூலி 20 பென்ஸ். அதில் கால் பங்குக்கும் குறைந்த தொகையில் ஓர் ஊர் முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கிறது.