பிள்ளைத் துணியில் பூச்சி உருண்டை வாசமா? வேண்டாம், தாய்மார்களே!

தோட்டத்து வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றால், ஏழாம் மாதமே பாட்டி இரும்புப் பெட்டியைத் திறந்துவிடுவார். பழைய நூல் சேலை, தாத்தாவின் கைலி, எப்போதோ தெலுக் இந்தான் கடைத்தெருவில் வாங்கிய பிளானல் துண்டு எல்லாம் வெளியே வரும். கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துப் பிள்ளைத் துணியாக்குவார். நல்ல வழக்கம்தான். பலமுறை துவைத்த நூல் துணி மிருதுவாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், காசும் மிச்சம்.

ஆனால் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசம் வருகிறதே, கவனித்தீர்களா? அது பூச்சி உருண்டை வாசம். கடையில் 'உபாட் கெகாட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். இவ்வகை உருண்டைகள் பலவற்றில் நாப்தலீன் என்ற இரசாயனம் உண்டு.

சில பிள்ளைகளுக்கு, இரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் 'ஜி6பிடி' என்ற நொதி பிறவியிலேயே குறைவு. எல்லா இனத்திலும் இது உண்டு. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். நாப்தலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போனால், இவர்களுடைய சிவப்பணுக்கள் உடைந்துபோகும். மஞ்சள் காமாலை கடுமையாகும். மஞ்சள் மூளைக்கு ஏறினால் காது கேளாமல் போகலாம், கைகால் முடங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

"எங்க காலத்துல இதெல்லாம் யாரு பார்த்தா?" என்று பாட்டி கேட்பார். அன்று சோதனை இல்லை. இன்று நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். முடிவு என்ன என்று மிஸ்ஸியிடம் தவறாமல் கேளுங்கள்.

தைக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. அணையாடைக்கு முக்கால் கெஜச் சதுரம், போர்வைக்கு ஒரு கெஜச் சதுரம் போதும். புது பிளானல் சுருங்கும். துவைத்த பிறகே வெட்டுங்கள்.

2. ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். அழகுக்காக நூல் பிரித்துத் தொங்கவிடும் போர்வை கைக்குழந்தைக்கு ஆகாது. நூல் விரலைச் சுற்றி இறுக்கிவிடும்.

3. நம் ஊர் வெக்கைக்கு ஒரே அடுக்கு போதும். தூங்கும் பிள்ளையின் முகத்தருகே துணியைக் குவித்து வைக்காதீர்கள்.

4. மருந்து அடிக்கப் போட்ட சட்டை, கைலியை இதற்கு வெட்டவே வேண்டாம். பாராகுவாட் 2020-இல் தடை செய்யப்பட்டாலும் வேறு களைமருந்துகள் இருக்கின்றன. அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

5. தைத்த துணியைச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள். உருண்டை வேண்டாம். பெட்டி வாசம் போகாத துணி தரை துடைக்கட்டும், பிள்ளைக்கு வேண்டாம்.

பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளாகி, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், அல்லது சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். "காலை வெயில்ல காட்டுனா சரியாயிடும்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பாட்டியின் சேலையில் பிள்ளை சுகமாகத் தூங்கட்டும். பெட்டியிலுள்ள உருண்டையை மட்டும் இன்றே அப்புறப்படுத்துங்கள்.