கைபேசி நிறுவனங்களின் இணைப்பும் போட்டியும்

நுழையும் முன்

ஊரிலுள்ள தாத்தா பாட்டியுடன் பேசுவதும், காணொளியில் அவர்தம் முகம் காண்பதும் கைபேசியால் இயல்கின்றன. இச்சேவையைத் தரும் நிறுவனங்கள் குறைந்தால் நமக்கு என்ன நேரும்? இப்பாடம் அதனை விளக்குகிறது.

போட்டியின் பயன்

பாலாநகர்த் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகம் செய்து வாங்க விரும்புவோர் நான்கு பட்டறைகளில் விலை கேட்பர். அடுத்த பட்டறை அருகிலேயே இருப்பதால், எவரும் மனம்போல் விலை சொல்ல இயலாது. இதுவே போட்டியின் பயன்.

ஆனால், கைபேசிச் சேவையைப் பட்டறைபோல் எளிதில் தொடங்க முடியாது. குரலையும் படத்தையும் சுமந்து செல்லும் அலைக்கற்றை அளவுக்கு உட்பட்டது. அரசு அதனை ஏலத்தில் விடுகிறது. 2022ஆம் ஆண்டு ஏலத்தொகை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி ரூபாய். கோபுரங்களுக்கான செலவு தனி. இரு நிறுவனங்கள் ஒன்றானால் அலைக்கற்றையும் கோபுரங்களும் பொதுவாகும், செலவு குறையும். இணைப்புக்கு இதுவே முதன்மைக் காரணம்.

பலர் சிலரான வரலாறு

2010ஆம் ஆண்டளவில் பல தொலைத்தொடர்பு வட்டங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ, நான்காம் தலைமுறைச் சேவையுடன் களமிறங்கி, தொடக்க மாதங்களில் இணையத்தை இலவசமாக வழங்கியது. கட்டணங்கள் சரிந்தன, மக்கள் மகிழ்ந்தனர். நிறுவனங்கள் சிலவோ தள்ளாடின. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018இல் நொடித்துப்போயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டெலினாரும் டாட்டாவின் கைபேசிப் பிரிவும் ஏர்டெல்லில் கலந்தன. இன்று நாடு தழுவி எஞ்சியிருப்பவை ஜியோ, ஏர்டெல், வி ஆகிய தனியார் நிறுவனங்களும் அரசின் பி.எஸ்.என்.எல்.லுமே.

காக்கும் விதிகள்

பெரிய இணைப்புகளுக்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2014ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இணைந்த நிறுவனத்தின் பங்கு ஒரு வட்டத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டினால், ஓராண்டுக்குள் அதனைக் குறைத்தல் வேண்டும்.

2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியபோது, ஏர்டெல்லின் முதல் எட்டு நகரங்களுள் ஐதராபாத்தும் சென்னையும் இடம்பெற்றன. அடுத்த மாதமே ஜியோவும் ஐதராபாத்திற்கு வந்தது. இது போட்டியின் நன்மை. 2024 சூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. பலர் பி.எஸ்.என்.எல்.லை நாடினர், ஆனால், அதன் நான்காம் தலைமுறைச் சேவை அப்போது பரவலாக இல்லை. எண்ணிக்கையில் நான்கு இருந்தால் போதாது; நான்கும் தரமான சேவை தந்தால்தான் போட்டி உண்மையானதாகும்.

நம் கையிலுள்ள உரிமை

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 சனவரியில் நாடெங்கும் வந்தது. 2015 சூலை 3 முதல் வட்டம் கடந்தும் அது செல்லும். தமிழ்நாட்டில் வாங்கிய எண்ணைத் தெலங்கானாவிலும் வைத்துக்கொள்ளலாம். உறவினர் மனப்பாடமாய் அறிந்த எண்ணை இழக்காமலே நல்ல சேவையைத் தேடலாம். இவ்வுரிமை பயன்பட வேண்டுமெனில், மாறிச்செல்ல வேறொரு நல்ல நிறுவனம் இருத்தல் வேண்டும்.

சொற்பொருள்

அலைக்கற்றை – செய்தி கடத்தும் அலைவரிசைகளின் தொகுதி
நொடித்தல் – பொருள்வளம் இழந்து வீழ்தல்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

வினாக்கள்

1. நிறுவனங்கள் ஒன்றிணைவதற்குக் காரணம் யாது?
2. 'எண்ணிக்கையில் நான்கு இருந்தால் போதாது' – விளக்குக.
3. உம் வீட்டார் கைபேசி எண்களை எங்கு, எப்போது வாங்கினர் எனக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.