கல்யாணச் சாவும் பிள்ளைகளின் துயரமும்

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டு, முதிர்ந்த வயதில் ஒருவர் மரிப்பதை மதுரை வட்டாரத்து மக்கள் 'கல்யாணச் சாவு' என்று கூறுவர். கொட்டு முழக்கும் பூத்தேரும் அதற்கு உண்டு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பர். இறந்தவரின் வாழ்வு நிறைவடைந்தது என்னும் இவ்வெண்ணத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது இறந்தவரைப் பற்றிய உண்மையேயன்றி, உயிரோடிருக்கும் பிள்ளையைப் பற்றியதாகாது. "எண்பத்தைந்து வயது ஆயிற்றே, இன்னும் என்ன வேண்டும்?" என்று பலரும் கேட்கும்போது, ஐம்பத்தைந்து வயதான மகன் அழுவதற்கு நாணுகிறான். அத்தகையவனுக்குக் குடும்பம் எவ்வாறு ஆறுதலாகிறது என்பதும், எங்கே ஆறுதலாகத் தவறுகிறது என்பதும் ஆராயத்தக்கவை.

திருமறையில் இதற்கு மிக விரிவான சான்று ஆதியாகமத்தின் இறுதி அதிகாரமாகும். யாக்கோபு 147 வயதில் எகிப்தில் மரித்தான். 130ஆம் வயதில் அவன் அங்கு வந்தபோது யோசேப்பு 39 வயதினனாயிருந்தான் என்பதை, அவன் முப்பதாம் வயதில் பார்வோன் முன் நின்றதையும், அதன்பின் கழிந்த ஏழு செழிப்பான ஆண்டுகளையும், இரு பஞ்ச ஆண்டுகளையும் கூட்டி அறியலாம். எனவே தந்தை மரிக்கையில் யோசேப்புக்கு வயது 56. அவன் நாட்டின் அதிபதி. பேரப்பிள்ளைகளைக் காணும் பருவத்தை நெருங்கியவன். அவனே தந்தையின் முகத்தின்மேல் விழுந்து அழுதான். இளமையில் பதினேழு ஆண்டுகள், எகிப்தில் பதினேழு ஆண்டுகள் என அவன் தந்தையோடு வாழ்ந்த காலம் இருபகுதியாயிருந்தது. இடையில் இழந்த ஆண்டுகளும் அவ்வழுகையில் கலந்திருக்க வேண்டும். உடலைப் பதப்படுத்த நாற்பது நாள். துக்கம் எழுபது நாள். கானானுக்குச் செல்லும் வழியில் ஆத்தாத்தின் களத்தில் மேலும் ஏழு நாள். தந்தை நிறைந்த வயதினன் என்று எவரும் இந்நாட்களைக் குறைக்கவில்லை.

உளவியலாரும் இதை மறுப்பதில்லை. ஃபிராய்டின் தந்தை (அவர் பெயரும் யாக்கோபு என்பதே) 1896இல் எண்பது வயதில் காலமானார். அம்மரணம் தம்மை எவ்வளவு ஆழமாகத் தாக்கியது என்பதை, கனவுகளைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பிற்கு 1908இல் எழுதிய முன்னுரையில் அவர் ஒப்புக்கொண்டார். அப்பொழுது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன!

நம் வட்டாரத்துக் கேத வீட்டை இனி நோக்குவோம். திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகர் ஓர் பழங்கிராமமன்று. பணியிலிருந்தோரும் ஓய்வு பெற்றோரும் பல ஊர்களினின்று வந்து வீடு கட்டிக் குடியேறிய பகுதி. பங்காளிகள் ஒரே தெருவில் இருப்பதில்லை. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ்கின்றனர். குளிர்ப்பெட்டியில் உடலை வைத்து அவர்களுக்காகக் காத்திருக்கிறோம். அவர்கள் வந்த சில மணி நேரத்தில் அடக்கமும் முடிந்துவிடுகிறது. கிராமத்திலோ ஒவ்வோர் உறவுக்கும் ஒரு பணி இருந்தது. உடலைக் குளிப்பாட்ட மகன்மார் நீர்மாலை எடுத்தனர். இறந்த தாய்க்குப் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவந்தனர். துக்க வீட்டில் அடுப்பு எரியாததால் உறவினர் சோறு கொண்டுவந்தனர். பதினாறாம் நாள் மகனுக்கு உருமால் கட்டினர். ஊர்தோறும் குலந்தோறும் இவை வேறுபடும். இவற்றிலுள்ள சாதி வேற்றுமையையும் பெண்களை ஒதுக்கும் போக்கையும் நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் செய்வதற்கு ஒரு வேலையும், அழுவதற்கு ஒரு காலமும் இவை அளித்தன. ஆறுதலான சொற்களைத் தேடித் தடுமாறும் தம்பி, சோற்றுப் பாத்திரத்தைச் சுமந்து வந்தாலே போதுமானதாயிருந்தது.

ஒப்பாரியைத் திருச்சபை பொதுவாக விரும்பவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கலாகாது என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அப்பகுதி நம்பிக்கையற்ற துக்கத்தை விலக்குகிறதேயன்றித் துக்கத்தையே விலக்கவில்லை. லாசருவின் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டார். அடக்க ஆராதனையில் "அழாதீர்கள்" என்று மகளை அதட்டும் மூப்பர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒப்பாரியில் மகள் தாயின் வாழ்க்கையையே வரிசையாகச் சொல்லி முடிக்கிறாள். நம்முடைய இரங்கலுரைகளில் பெரும்பாலும் பதவிகளும் பட்டங்களுமே இடம் பெறுகின்றன.

குடும்பம் ஆறுதலாகத் தவறும் இடமொன்றுண்டு. யாக்கோபை மக்பேலாக் குகையில் அடக்கம் செய்தபின், சகோதரர்கள் யோசேப்புக்கு அஞ்சினர். தந்தை இருந்தவரை மூடியிருந்த பழைய கணக்கு, அவர் மறைந்ததும் திறந்துகொண்டது. நம் வீடுகளில் அக்கணக்கு பெரும்பாலும் வீட்டைப் பற்றியதே. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்திற்குக் கையொப்பம் கேட்கப்படுகிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் உயிரோடிருக்கும் துணைக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மகன், மகள் என்னும் வேற்றுமையின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். "அண்ணன் முகத்தை முறிக்கலாமா?" என்னும் ஒரு சொல்லால் இவ்வுரிமை கைவிடப்படுகிறது. பின்னர் ஆண்டு நினைவுநாளில் அக்காள் வராததற்குக் காரணம் தேடுகிறோம். யோசேப்பு அழுதான்; பழைய தீங்கை மறைக்காமல் பெயர் சொல்லிப் பேசினான்; பின்பு சகோதரரையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாக வாக்களித்தான். ஆறுதல் என்னும் சொல் அங்கு உணவையும் குறித்தது.

தனித்து விடப்பட்ட தாயைப் பற்றியும் கூறவேண்டும். பதினாறாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் அவரைச் சென்னைக்கு அழைத்துச் செல்வதா, வீட்டை வாடகைக்கு விடுவதா என்று பிள்ளைகள் கூடத்தில் அமர்ந்து பேசுகின்றனர். நாற்பது ஆண்டுகள் தாம் நீர் ஊற்றி வளர்த்த மரங்களையும், மாலையில் வாசற்படியில் வந்தமரும் அண்டை வீட்டாரையும் விட்டுச் செல்ல அவருக்கு விருப்பமா என்று கேட்போர் அரிதாயுள்ளனர். அவர் அப்பொழுது அடுக்களையில், வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருப்பார்.