அட்டை கிழிந்தாலும் நூல் அழிவதில்லை

இல்லத்துக் கணினிக்கு உற்ற துணைகள் – 6

சென்ற வாரம் லிபரே ஆஃபீஸ் என்னும் எழுத்துச் சாதனத்தைப் பற்றி எழுதியபோது, எழுதியதை அவ்வப்போது சேமித்து வைக்கும் வழக்கத்தைக் குறித்து இரண்டொரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருந்தேன். சேமித்து வைத்ததே காணாமற்போய்விட்டால் என்ன செய்வது என்ற வினாவை அப்போது எழுப்பாமல் விட்டதற்குக் காரணம், அது போகிறபோக்கில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அன்று என்பதே. ஆகவே இந்த வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் தெருவில், தபால் இலாகாவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தமையனாருக்குச் சதாபிஷேகம் நடந்தபோது, வந்திருந்த உறவினர் அனைவரையும் அவரே தம்முடைய காமிராவில் படம் பிடித்திருந்தார். விழா முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் தமையனார் காலமாகிவிட்டார். அந்தத் துக்கத்தினிடையே, படங்களைக் கணினிக்கு மாற்றிவைக்க எண்ணி மெமரி கார்டைச் செருகிய பெரியவர், அதை ஃபார்மட் செய்ய வேண்டுமா என்று திரையில் எழுந்த கேள்விக்கு, அதன் பொருள் விளங்காமலே ஆம் என்று விடையளித்துவிட்டார். சில கணங்களில் கார்டு வெறுமையாயிற்று. கடையில் கொண்டுபோய்க் காட்டியதற்கு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அந்தக் கார்டை ஒரு குங்குமச் சிமிழில் வைத்து மூடி, கையில் ஏந்திக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அண்ணா சிரித்த முகமாக இருக்கிற படம் வேறெங்குமே எங்களிடம் இல்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா, பாருங்கள்" என்றார்.

"ஃபார்மட் செய்த பிறகு இதில் ஏதாவது படம் எடுத்தீர்களா, மாமா?"

"இல்லை, தம்பி. அப்புறம் அதைத் தொடவே மனம் வரவில்லை."

தொடவே மனம் வரவில்லை என்று அவர் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. அது ஏன் என்பதை விளக்கிவிட்டால், இவ்வாரத்துக்குரிய செய்தியில் பாதியைச் சொல்லியவனாவேன்.

ஒரு பெரிய நூலகத்தை மனத்தில் கொள்ளுங்கள். நூல்கள் உள்ளே அலமாரிகளில் இருக்கின்றன. எந்த நூல் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டைகள் வாயிற்புறத்து மேஜையின் இழுப்பறையில் இருக்கின்றன. ஒரு நூலை நீக்கிவிடும்படி நாம் கட்டளையிட்டால், இந்த நூலகர் உள்ளே சென்று நூலை எடுத்து எரிப்பதில்லை; அதற்குரிய அட்டையில் ஒரு கோடு கிழித்து, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதோடு தம் வேலையை முடித்துவிடுகிறார். காமிரா கார்டுகளில் வெகுவாக வழங்கும் ஃபேட் என்னும் அமைப்பில், ஒரு கோப்பை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் பதியப்படுகிறது. அக்கோப்பு குடியிருந்த இடங்கள் காலியிடங்களாகக் கணக்கில் ஏறுகின்றன. படமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் கணினி வழக்கமாகச் செய்யும் விரைவு ஃபார்மட்டும், அட்டைகள் முழுவதையும் களைந்து புதிய இழுப்பறை ஒன்றை வைப்பதேயன்றி, அலமாரிகளைக் கொளுத்துவது அன்று. ஆனால் நாளை ஒரு புதிய நூல் வந்தால், காலி என்று குறித்த அந்தத் தட்டில்தான் அது வைக்கப்படும். பழைய நூலுக்கு உண்மையான மரணம் சம்பவிப்பது அப்போதுதான். ஆதலால் படமோ கடிதமோ தொலைந்தது தெரிந்த அந்தக் கணமே, அது இருந்த கார்டில் மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் கையை எடுத்துவிடுவது மீட்சியின் முதல் விதி. துக்கத்தினால் அந்த விதியைத் தம்மையறியாமலே அனுசரித்திருந்தார் பெரியவர்.

இனி, அட்டைகளே இல்லாத நூலகத்தில் நூலைத் தேடியெடுக்கும் கருவி. கிறிஸ்தோப் கிரெனியே என்ற பிரெஞ்சு நிபுணர் இயற்றி, எவரும் விலையின்றிப் பெறும்படி வழங்கிவரும் ஃபோட்டோரெக் என்பது அதன் பெயர். முதலேடும் இறுதியேடும் சிதைந்து பெயர் தெரியாமற்போன சுவடி ஒன்று பதிப்பாசிரியர் கைக்கு வந்தால், அவர் உள்ளே இருக்கும் பாட்டின் போக்கையும் தொடக்கத்துச் சொற்களையும் கொண்டு இது இன்ன நூல் என்று தெளிவதைப்போல, இந்த மென்பொருள், பட்டியலை ஒரு பொருட்டாகக் கருதாமல், கார்டின் முதல் அணுவிலிருந்து கடைசி அணுவரை வாசித்துக்கொண்டே சென்று, ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் இயல்பான தொடக்க அடையாளம் எங்கே தென்படுகிறது என்று பார்க்கிறது. காமிரா எடுக்கும் ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று எண்களோடுதான் தொடங்கும். அந்த மூன்றும் ஒருங்கே கண்ணிற்பட்டால், இங்கே ஒரு படம் தொடங்குகிறது என்று அறிந்து, அதன் முடிவுவரை எடுத்து வேறோரிடத்தில் பிரதி செய்துவைக்கிறது. பெயரைக் கண்டு புகைப்படத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். கடிதங்கள், கணக்குகள், பாட்டுகள், பிடிஎஃப் ஆவணங்கள் என 480க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை அது இனங்காணும். எதை மீட்கிறதோ அதன்மீது ஓர் எழுத்தும் எழுதாமல் வாசிக்க மட்டுமே செய்கிறது என்பதால், மீட்டதை வைக்க வேறோர் இடத்தைக் காட்டும்வரை கார்டுக்குக் கேடு விளைவதில்லை.

உபயோகிக்கும் முறையும் கடினமன்று. ஆசிரியரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். பிறர் தளங்களில் வேண்டாத சரக்கைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பாரும் உண்டு. பொட்டலத்தைப் பிரித்தால், நிறுவும் சிரமம் இன்றி அப்படியே இயக்கலாம். கறுப்புத் திரையில் எழுத்துக்களைக் கண்டு அஞ்சுவோர், அதனுடன் வரும் கியூஃபோட்டோரெக் என்ற சாளர வடிவத்தைத் திறந்துகொள்ளலாம். மேலே கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலியிடத்தை மட்டும் தேடுவதா, முழுவதையும் தேடுவதா என்ற கேள்விக்கு, ஃபார்மட் ஆன கார்டாயின் முழுவதையும் என்று சொல்ல வேண்டும். மீட்டதை வைக்கும் இடமாக, எக்காரணம் கொண்டும் அதே கார்டைக் காட்டாமல், கணினியிலோ வேறு பென் டிரைவிலோ ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அதன்பின் செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றே. ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியே மறைந்துபோன சந்தர்ப்பத்தில் அதைத் தேடி மீட்பதற்கு, அதே பொட்டலத்தில் டெஸ்ட்டிஸ்க் என்னும் துணைக்கருவியும் இருக்கிறது. ஆனால் அது எழுதும் வல்லமையும் உடையது ஆதலால், அனுபவமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடுவது நலம்.

இந்த மீட்சிக்கு எல்லைகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெயர்கள் இருந்தது அட்டைகளில் அல்லவா? ஆகையால் மீண்டு வரும் படங்கள் எண்களையே பெயராகக் கொண்டு வரும். ஒரு படத்தின் துண்டுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால், ஏடுகள் கலைந்த சுவடியைப்போல, பாதி தெளிவாகவும் பாதி சாம்பல் நிறமாகவும் அது எழும். புதிய கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம், கோப்பு அழிக்கப்பட்டது என்ற செய்தி கிடைத்தவுடன் அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும் இயல்புடையது. அங்கே மீட்சிக்கு இடம் மிகக் குறைவு. இக்காலத்துக் கைப்பேசியின் உள்நினைவகமும் இக்கருவிக்கு எட்டாது.

பெரியவரின் கார்டு அத்தகைய இடையூறு அதிகம் இல்லாதது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அது ஓடிற்று. எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அவர் நாற்காலியின் நுனியிலேயே அமர்ந்திருந்தார். முடிவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றுள் சில பழுதுபட்டிருந்தன. கலச தீர்த்தம் தலையில் விழும்போது கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கும் தமையனாரின் படம் பழுதின்றி இருந்தது.

சற்று நேரம் கழித்து, இதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நான் அதற்குச் சொன்ன விடையை வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். தொலைந்த படங்களைச் சிறு உருவில் காட்டிவிட்டு, பணம் கட்டினால்தான் முழுப்படம் என்று நிறுத்தும் மென்பொருள்களும் சந்தையில் உண்டு. உழைப்புக்கு விலை கேட்பது குற்றமன்று என்றாலும், துக்கத்தில் இருப்பவனிடம் அந்தக் கேள்வி எழாமலிருப்பது ஒரு பெரிய உபகாரம். ஃபோட்டோரெக் அதற்கும் ஒரு படி மேலே நிற்கிறது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த இயக்கத்தின் வழியில், விரும்பியபடி இயக்கவும், உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று ஆராய்ந்து திருத்தவும், பிறருக்குப் பிரதி கொடுக்கவும், திருத்திய பிரதியையே பரப்பவும் எல்லோருக்கும் உரிமை அளிக்கும் வகையைச் சேர்ந்தது அது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே அடிக்கடி விளக்கம் சொல்ல நேர்கிறது. நமக்கோ இலவசம் என்றும் கட்டற்றது என்றும் இரு சொற்கள் தனித்தனியே இருக்கின்றன. இலவசமாகக் கொடுத்ததை நாளை விலைக்கு மாற்றிவிடலாம். கட்டற்றதாகக் கொடுத்துவிட்ட பிரதியைத் திருப்பி வாங்கிக்கொள்ள, கொடுத்தவராலும் இயலாது.

மீட்சியைவிடக் காப்பே மேல் என்பதால், அன்றே இன்னொரு கருவியையும் அவருக்கு அறிமுகப்படுத்தினேன். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள், இடப்புறம் கணினியின் கோப்புறையையும் வலப்புறம் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் வைத்து ஒப்புநோக்கி, புதிதாக வந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டும் பிரதி செய்யும். அதில் கண்ணாடி முறை என்பது, இப்புறம் அழித்ததை அப்புறத்திலும் அழித்துவிடும்; ஆகவே இல்லத்துப் படங்களுக்குப் புதுப்பிக்கும் முறையே உகந்தது. எத்தனை பிரதி வேண்டும் என்பதற்கு, பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவச் செய்த 3-2-1 என்னும் சூத்திரத்தை நான் பின்பற்றுகிறேன்: பிரதிகள் மூன்று, அவை இருவேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. வீட்டுப் பத்திரங்களின் நகலைப் பிறர் இல்லத்தில் வைக்கத் தயங்குவோர், ஈகோர் பாவ்லோவ் என்ற ரஷ்யர் 1999இல் வெளியிட்டு இன்றளவும் பேணிவரும் செவன்-ஜிப் கொண்டு, கடவுச்சொல் இட்டுப் பொதிந்து வைக்கலாம். அக்கடவுச்சொல்லை மறந்தால் திறப்பார் இல்லை என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெரியவர் இப்போது மாதப் பிறப்பன்று தாமே அமர்ந்து பிரதி எடுக்கிறார். ஒரு பிரதி கணினியில் இருக்கிறது. ஒன்று அலமாரியில் டிவிடியாக இருக்கிறது. மூன்றாவது, சூத்திரம் சொல்கிறபடி வேறு வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? அதை ஒரு சிறு பென் டிரைவில் இட்டு, அந்தக் குங்குமச் சிமிழிலேயே வைத்து, அண்ணியாரிடம் கொடுத்து வந்திருக்கிறார்.

(அடுத்த வாரம்: இருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது)