விலை இறங்கியதில் விழுந்த கம்பெனி

எண்ணெய் விலை ஏறினால் அடிபடக் கூடாது என்று ஒரு கம்பெனி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறது. ஆனால் விலை ஏறாமல் இறங்குகிறது. வாடிக்கையாளர்களிடம் பழைய, கூடுதல் விலைக்கு ஒப்பந்தம் கையில் இருக்கிறது; சரக்கோ சந்தையில் மலிவாகிவிட்டது. லாபம் கொட்ட வேண்டிய நேரம். அதே சில மாதங்களில்தான் அந்தக் கம்பெனி திவாலின் விளிம்புக்குப் போனது. எப்படி? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பெனியின் பெயர் மெட்டல்கெசெல்ஷாஃப்ட். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துப் பெரிய தொழில் குழுமம். உலோகமும் பொறியியலும் அதன் பாரம்பரியத் தொழில்கள். அதன் அமெரிக்கக் கிளை பெட்ரோல், டீசல், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் ஆகியவற்றை விற்றுவந்தது. 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது கச்சா எண்ணெய் சில மாதங்களில் இரண்டு மடங்காகி பீப்பாய்க்கு 40 டாலரைத் தொட்டதை யாரும் மறந்திருக்கவில்லை. அந்தப் பயம் இந்தக் கிளைக்கு ஒரு வியாபாரத்தைத் திறந்துவிட்டது. “இன்றைக்கு ஒரு விலை பேசிக்கொள்வோம், பத்து வருஷம்வரை அதே விலைக்குத் தருகிறோம்” என்று சிறிய எண்ணெய் வியாபாரிகளிடம் சொன்னது. ஆட்கள் குவிந்தார்கள். 1993 முடியும்போது இப்படி வாக்குக் கொடுத்திருந்த அளவு சுமார் 16 கோடி பீப்பாய். பீப்பாய் ஒன்றுக்கு 159 லிட்டர்.

ஒரு டீக்கடைக்காரர் பக்கத்து ஆபீசுக்கு வருஷம் முழுக்க ஒரே விலையில் டீ தருவதாக ஒப்புக்கொண்டால், பால் விலை ஏறும்போது மாட்டிக்கொள்வார். அதனால் பால்காரரிடமும் வருஷ விலை பேசிவிடுவார், கவலை தீர்ந்தது. எண்ணெயில் சிக்கல் என்னவென்றால், பத்து வருஷத்துக்கு விலை பேச எதிரே ஆள் கிடைப்பது அரிது. நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் உண்டு, அதாவது பின்னொரு மாதத்துக்கான சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்வது. ஆனால் தாராளமாக வாங்கி விற்க முடிந்தது அடுத்த சில மாதங்களுக்கானவை மட்டுமே. ஆகவே கம்பெனி ஒரு வழி செய்தது. பத்து வருஷத்துக்கான அளவு முழுவதையும் அண்மை மாத ஃபியூச்சர்ஸிலும், அதே போன்ற குறுகிய கால ஸ்வாப் ஒப்பந்தங்களிலும் வாங்கி வைத்தது. மாதம் முடியும்போது பழையதை விற்று அடுத்த மாதத்துக்கானதை வாங்குவது, அதாவது ரோல்ஓவர். விற்கச் சம்மதித்த பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு பீப்பாய். பார்வைக்குக் கச்சிதமான ஹெட்ஜிங், அதாவது விலைக் காப்பு.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபியூச்சர்ஸ் சந்தை தினமும் கணக்கு முடிக்கிறது. நீங்கள் வாங்கிய விலையைவிட இன்று விலை குறைந்தால், வித்தியாசத்தை இன்றே ரொக்கமாக, மார்ஜினாக, கட்டியாக வேண்டும். இந்தியாவின் எம்சிஎக்ஸ் சந்தையில் கச்சா எண்ணெய் வர்த்தகம் செய்தவர்களுக்கு இது தெரியும்: பணம் வரவில்லை என்றால் தரகரே பொசிஷனை முடித்துவிடுவார். எதிர்ப்பக்கத்தில் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் வரும் லாபமோ, ஒவ்வொரு மாதமும் சரக்கு கைமாறும்போது கொஞ்சம் கொஞ்சமாக, பத்து வருஷத்தில் வரும். 16 கோடி பீப்பாயில் விலை ஒரு டாலர் இறங்கினால் 16 கோடி டாலரை உடனே கட்ட வேண்டும். அதற்கு ஈடான லாபம் 2003வரை சொட்டுச் சொட்டாக வரும். இரண்டும் மேலோட்டமான கணக்கில் சமம்தான். ஆனால் இன்றைய பில்லுக்கு 2003இன் லாபத்தை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

விலை இறங்கத்தான் செய்தது. 1993 ஜூனில் 19 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய், நவம்பரில் ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைக்க மறுத்ததும் சரிந்து, டிசம்பரில் 15 டாலருக்குக் கீழே வந்தது. இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது. எண்ணெய்ச் சந்தையில் அண்மை மாதம் விலை கூடுதலாகவும் தள்ளியிருக்கும் மாதங்கள் மலிவாகவும் இருப்பது அடிக்கடி நடப்பது, பேக்வர்டேஷன் என்பார்கள். அந்த நிலையில் ரோல்ஓவர் செய்தால் மாதாமாதம் சிறு லாபம் கிடைக்கும். கம்பெனி அதையே நம்பியிருந்தது. 1993இல் அது தலைகீழானது, கான்டாங்கோ. இப்போது மலிவாக விற்று, கூடுதல் விலைக்கு அடுத்த மாதத்தை வாங்க வேண்டும். பீப்பாய்க்குச் சில சென்ட்டுகள்தான். ஆனால் 16 கோடியால் பெருக்கினால் அது மாதாமாதம் கரையும் நிஜப் பணம், வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து திரும்பி வராத பணம்.

ஜெர்மானியக் கணக்கு விதிகள் காயத்தை இன்னும் பெரிதாகக் காட்டின. கைக்கு வராத லாபத்தை எழுதக் கூடாது, வரப்போகும் நஷ்டத்தை எழுதியே தீர வேண்டும் என்பது அங்கே முறை. ஹெட்ஜின் நஷ்டம் புத்தகத்தில் ஏறியது. வாடிக்கையாளர் ஒப்பந்தங்களின் லாபம் ஏறவில்லை. கடன் கொடுத்தவர்கள் பார்த்தது பாதிப் படத்தை. டிசம்பரில் தலைமை நிர்வாகி ஹைன்ஸ் ஷிம்மல்புஷ் நீக்கப்பட்டார். புதிய நிர்வாகம் பொசிஷன்களை விற்றுத் தீர்த்தது. நஷ்டம் சுமார் 130 கோடி டாலர். வங்கிகள் கூடி 190 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்துத்தான் குழுமம் பிழைத்தது. அடுத்த கோடையிலேயே, 1994 ஜூலையில், எண்ணெய் மறுபடி 19 டாலரைத் தாண்டியிருந்தது.

நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மெர்ட்டன் மில்லரும் கிறிஸ்டஃபர் கல்ப்பும், திட்டம் சரியானதே, பயந்து பாதியில் விற்றதுதான் தவறு என்று எழுதினார்கள். ஆய்வாளர்கள் அன்டோனியோ மெல்லோவும் ஜான் பார்சன்ஸும் மறுத்தார்கள். என் எண்ணம் பின்னவர்கள் பக்கம். காரணம் சொல்கிறேன். அடுத்த மாத எண்ணெய் 5 டாலர் இறங்கும்போது, பத்து வருஷம் கழித்து வரவேண்டிய எண்ணெயின் மதிப்பு அவ்வளவு இறங்குவதில்லை. தூரம் கூடக்கூட ஆட்டம் குறையும். அப்படியென்றால் தொலைதூர பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு அண்மை மாத பீப்பாய் வாங்கியது அளவுக்கு மீறிய ஹெட்ஜ். காப்பு என்று பெயர் வைத்தாலும் அதற்குள் விலை ஏறும் என்ற பெரிய பந்தயம் ஒளிந்திருந்தது.

விலை இறங்கினால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் எரிவாயு நிறுவனம் யூனிப்பர் தன் எரிவாயுவை முன்கூட்டியே விற்று வைத்திருந்தது. 2021 கடைசியில் ஐரோப்பாவில் விலை விண்ணுக்கு ஏற, விற்ற பொசிஷன்களுக்கு மார்ஜின் கேட்டு ஓலை வந்தது. கையில் இருந்த எரிவாயுவின் மதிப்பும் ஏறியிருந்தது, ஆனால் விற்றுப் பணமாக்கக் காலம் வேண்டும். உக்ரைன் போர் தொடங்குவதற்கு முன்பே, 2022 ஜனவரியில், அப்போதைய தாய் நிறுவனமான ஃபோர்ட்டமிடமிருந்து 800 கோடி யூரோவும் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூவிடமிருந்து 200 கோடி யூரோவும் கடன் வசதியாகப் பெற வேண்டியிருந்தது.

எரிசக்தி விலையின் ஏற்ற இறக்கத்தை ஹெட்ஜிங் அழிப்பதில்லை. அதை ரொக்கத் தேவையாக மாற்றிக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது நல்ல மாற்றம்தான், அந்த ரொக்கத்துக்கு முன்பே வழி செய்து வைத்திருப்பவர்களுக்கு. ஆகவே ஒரு விமான நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ “ஹெட்ஜ் செய்துவிட்டோம்” என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தால், அதன் பங்கை வாங்கும் முன் இன்னும் சில பக்கங்கள் புரட்டுங்கள். எத்தனை மாதத்துக்கு ஹெட்ஜ், விலை எதிர்த்திசையில் போனால் மார்ஜின் கட்ட எவ்வளவு ரொக்கமும் கடன் வசதியும் உண்டு என்று பாருங்கள். பதில் அங்கே இல்லாவிட்டால் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.