தேயிலை மலைக்கு வாய்த்த மரப்பெட்டி

இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் ரோட்டோரம் நின்று கீழே பார்த்தால், காலடியில் தொடங்கும் தேயிலை நீர்த்தேக்கம் வரை ஒரே சரிவாக இறங்குகிறது. கைபேசியில் எடுத்தால் பக்கத்துச் செடியும் தூரத்துத் தண்ணீரும் சேர்ந்தே தெளிவாக விழும். லென்ஸ் அவ்வளவு சின்னது. பெரிய மரக் கேமராவில் அப்படி இல்லை: செடி தெளிந்தால் தண்ணீர் கலங்கும், தண்ணீர் தெளிந்தால் செடி கலங்கும். அப்படியானால் அதை ஏன் மலையேற்றித் தூக்கிவர வேண்டும்?

பிலிம் தாள்தான் முதல் காரணம். 4×5 அங்குலத் தாள், பழைய 35 மி.மீ. பிலிமின் ஒரு படத்தைப் போல ஏறக்குறைய 15 மடங்கு பரப்பு. பெரிதாக அச்சிட்டாலும் கொழுந்து கொழுந்தாகவே இருக்கும்.

கேமரா எளிமையானதுதான். முன்பலகையில் லென்ஸ், பின்பலகையில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல மடிப்புத் துருத்தி. மடித்தால் ஒரு பெட்டி. கேரளத்து ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக் கேமராக்களை அந்தக்கால ஸ்டூடியோக்களில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கண்ணாடியில் உலகம் தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியும். வெளிச்சம் படாமல் பார்க்கத் தலையில் கறுப்புத் துணி வேண்டும். இங்கே ஒரு கம்பளியே போதும். குளிர்காலைக்கு அதுதான் நல்லது. ஆனால் உள்ளே மூச்சு விட்டால் கண்ணாடி பனிக்கும். தெரிகிற மங்கல் மலையின் மூட்டமா, நம் மூச்சா என்று துடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது காரணம். முன்பலகையை மட்டும் தனியே முன்னோக்கிச் சாய்க்கலாம். பிலிமின் தளம், லென்ஸின் தளம், தெளிவாக விழும் தளம் மூன்றையும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்கும். இதற்கு ஷைம்ஃப்ளக் விதி என்று பெயர். தியோடர் ஷைம்ஃப்ளக் என்ற ஆஸ்திரியரின் பெயர் அது. லென்ஸைச் சில பாகை சாய்த்தால், தெளிவுத் தளம் சுவர்போல் நிமிர்ந்து நிற்காமல் தரையோடு படுத்துவிடும். தேயிலையோ கவ்வாத்து வெட்டி, கொழுந்து எடுத்து எடுத்து, தலை மேசைபோல் மட்டமாகிவிட்ட செடி. மலையே ஒரு சாய்ந்த பலகை. தெளிவுத் தளத்தை அந்தப் பலகைமேல் படுக்க வைத்தால் காலடிச் செடியிலிருந்து தண்ணீர் வரை ஒரே வீச்சில் தெளியும். இந்தக் கேமராவுக்கென்றே நட்டதுபோல எனக்குத் தோன்றும்.

நிழல் மரங்கள் மட்டும் முரண்டு பிடிக்கும். அடி தெளிந்தாலும் உச்சி தளத்துக்கு மேலே போய்க் கலங்கும். லென்ஸ் துளையை எஃப் 22, எஃப் 32 எனச் சுருக்கினால் சரியாகும். துளை சுருங்கினால் நேரம் நீளும். மூட்டத்தில் அரை விநாடி, ஒரு விநாடி என்று போகும். அதற்குள் காற்றடித்தால் செடி ஆடும், துருத்தி பாய்மரம்போல் புடைக்கும். காற்று அடங்கும்வரை நிற்பதைத் தவிர வழியில்லை. கொழுந்தெடுக்கும் அக்காமார் இரண்டு தரம் கடந்துபோய், "இன்னும் படம் விழலையா தம்பி?" என்று கேட்டாலும் நிற்க வேண்டும்.

பொறுமையில் நமக்கு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறார். புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானவர். அவர் பழகிய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை சிலவே. மலையைவிட மனித முகங்களே அவரை இழுத்தன.

நமக்கு வேலை இலகு, மறதிதான் பகை. தெளிவு பார்த்ததும் முதலில் ஷட்டரை மூடுங்கள். பிறகு பிலிம் பெட்டியைச் செருகி, அதன் மறைப்பை உருவி, படமெடுத்து, மறைப்பைத் திரும்பச் செருகுங்கள். ஷட்டரை மூடாமல் மறைப்பை உருவி இரண்டு தாள்களைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் துருத்தியில் பூஞ்சணம் பிடிக்கும். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் தை, மாசியே வசதி. கிளம்புமுன் இரவில் அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மூலையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.